தீன் என்ற சொல்லின் மீதி

மண்ணுக்குள் இருக்கும் என் மச்சானுக்கு, கபரஸ்தான் மதிலைக் கடக்கும்போதெல்லாம் உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகும் அதே சலாம்.

'மௌத்தாப் போனவனுக்குக் கடுதாசி எழுத மார்க்கத்துல இடம் இருக்கா ப்ரொபசர்?' என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள். நான் ப்ரொபசர் இல்லை. சென்னையில் அரபியில் முதுகலை முடித்துவிட்டு, அந்த அரபியைக் கேட்க ஆளில்லாததால் பிறகு வரலாறும் படித்து, கம்பைநல்லூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பானிப்பட்டுப் போர் நடத்துகிறவன். ப்ரொபசர் என்பது நீங்கள் கேலிக்கு வைத்த பெயர். பாலக்கோடு மண்டித் தெருவில் இன்றும் அந்தப் பெயரில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. தக்காளிக்கு இந்த வாரம் நல்ல விலை. உங்கள் மகன் இம்ரான் மண்டியைத் தடுமாறாமல் நடத்துகிறான். ஆனால் உங்கள் நாற்காலியில் இன்னும் உட்காரவில்லை. பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஏலம் விடுகிறான். குரல் உங்களைப் போல் இல்லை. விவசாயிகள் காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள். உங்கள் காலத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அக்கா இத்தாவில், உங்களுக்கான நாலு மாதம் பத்து நாள் துக்கத்தில், இருக்கிறாள். அது முடியும்வரை வாசலைத் தாண்ட மாட்டாள். வருகிற ஆண்களில் மகனும் தம்பியும் மட்டுமே அவள் எதிரில் உட்கார்ந்து பேசலாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பஸ் பிடித்துத் தர்மபுரி போய், அங்கிருந்து மாறி, பாலக்கோடு வந்துவிடுகிறேன். நீங்கள் இருந்தபோது இந்த வீட்டுக்கு வருடத்தில் ரம்ஜானுக்கு ஒருமுறை வருவேன், பக்ரீதுக்கு ஒருமுறை வருவேன். இரண்டு முறையும் செருப்பை வெளியே திரும்பிய நிலையில்தான் விடுவேன், சீக்கிரம் கிளம்ப வசதியாக. இப்போது எப்படியோ விடுகிறேன். எங்கோ கிடக்கிறது.

காரணத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

எனக்கு மனக்குறைகள் நிறைய உண்டு. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர் என் தலைமை ஆசிரியர் ஆனது ஒன்று. ஒன்றாய்ப் படித்தவன் ஒருவன் மகள் நிக்காஹுக்கு ஊரையே அழைத்துவிட்டு என்னை விட்டது ஒன்று. எதையும் நான் தொலைத்ததில்லை. பித்தளைப் பாத்திரம் போல அவ்வப்போது எடுத்துத் துலக்கி வைத்துக்கொள்வேன். அவற்றில் மிகப் பெரியது உங்களுடையது.

அந்த மீலாது விழா. பள்ளிவாசலை ஒட்டிய கூடம். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி நீங்கள். வெளியூரிலிருந்து வர வேண்டிய பேச்சாளர் வரவில்லை. "நம்ம ப்ரொபசரே பேசட்டும், அரபி படிச்சவருதான்" என்றீர்கள். என் படிப்புக்கு என் ஊரில் கிடைத்த முதல் அழைப்பு அது. நின்ற நிலையில் ஒப்புக்கொண்டேன். ஆனால் வருடக்கணக்காகத் தயாராகத்தான் இருந்தேன், ஒருவரும் கேட்காததால்.

தீன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் அதை மார்க்கம் என்கிறோம். பிறர் மதம் என்கிறார்கள். மார்க்கம் நல்ல சொல்தான், வழி என்று பொருள் தருகிறது. ஆனால் அரபியில் அந்தச் சொல் இன்னும் விரிந்தது என்று ஆரம்பித்தேன். முதல் பொருள், பணிதல். மேலான ஒருவனுக்கு முன்னால் தன் இஷ்டத்தை இறக்கி வைப்பது. இரண்டாவது, வழக்கம். ஒரு மனிதன் யாரும் பார்க்காதபோதும் எப்படி நடந்துகொள்கிறானோ அந்த நடத்தை. பழைய அரபிகள் அதையும் தீன் என்றுதான் சொன்னார்கள். மூன்றாவது, சட்டம். யூசுப் நபியின் வரலாற்றில் எகிப்து அரசனின் சட்டத்துக்கே மறை அந்தச் சொல்லைத்தான் வழங்குகிறது. அப்படியென்றால் தீன் என்பது தொப்பிக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. தராசு பிடிக்கிற கையிலும் அது இருக்கிறது, இல்லாமலும் போகிறது என்றேன்.

நான்காவது பொருளுக்கு வாயைத் திறந்தேன். மைக் அணைந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு அருகில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், சுவிட்சில் கையை வைத்தபடியே. மைக் இல்லாத கூடத்தில், ஏலம் விட்டுப் பழகிய குரலில் சொன்னீர்கள்: "ப்ரொபசர் படிச்சவரு. அவரு சொல்றதெல்லாம் நமக்குப் புரியறதுக்குள்ள கியாமத்து நாளே வந்துரும். பிரியாணி ரெடி, எந்திரிங்க."

கூடம் சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்தது. வாயைத் திறந்தபடி நின்ற என்னைச் சுற்றிக்கொண்டு சகன் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு ஓடியது. நான் சாப்பிடாமல் கடைசி பஸ்ஸுக்குப் போனேன். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நான் ஏறவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தச் சிரிப்பு என் காதில் இருந்தது.

ஏன் அணைத்தீர்கள் என்று பல காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். படித்தவன் மேல் பொறாமை. தராசு என்றது மண்டிக்காரரான உங்களைத்தான் என்று நினைத்துவிட்ட கோபம். ஊர்ப் பெரியவர்களுக்குப் பயம். ஒவ்வொரு காரணத்துக்கும் என்னிடம் சான்று இருந்தது. வரலாறு படித்தவனுக்குச் சான்று தேடித் தரவா வேண்டும்?

உங்கள் ஜனாஸாவுக்கு வந்தேன். வராமல் இருக்க முடியுமா? உங்களைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் வைத்து வரிசை கட்டி நின்றோம். தொழுகைக்கு முன் எப்போதும் கேட்பதை இம்ரான் கேட்டான்.

"எங்க அத்தா யாருக்காச்சும் எதுனா குடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட வாங்கிக்கங்க. யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க."

எல்லா ஜனாஸாவிலும் கேட்கிற வாசகம். எல்லா ஜனாஸாவிலும் கூட்டம் 'பொறுத்துக்கிட்டோம்' என்று முணுமுணுக்கும். அன்றும் முணுமுணுத்தது. நான் கையைத் தூக்கினேன்.

திட்டமிட்டுச் செய்ததில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் தூக்குவது போலக் கை தானாக எழுந்துவிட்டது. எழுந்த பிறகு இறக்க எனக்கு மனம் வரவில்லை.

தொழவைக்க நின்ற ஹஜ்ரத் பார்த்துவிட்டார். சின்ன வயது, பொறுமையான மனிதர். அருகில் வந்து மெதுவாகக் கேட்டார். "என்னங்க ப்ரொபசர்?"

"எனக்கு ஒண்ணு பாக்கி இருக்குங்க ஹஜ்ரத்."

"பணமுங்களா?"

"இல்லீங்க. மனசு."

"இது எல்லாரும் சும்மா ஆமாம்னு சொல்லிட்டுப் போறதுங்க."

"கேள்வி கேட்டாங்க. நான் பதில் சொன்னன்."

அவர் சந்தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "சரிங்க. அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல. இப்ப தக்பீர் கட்டிக்கங்க" என்றார். கட்டிக்கொண்டேன். அந்தத் தொழுகையில் உங்களுக்காக மனதாரத்தான் துஆ கேட்டேன் மச்சான். அதில் குறை வைக்கவில்லை. மன்னிப்பது வேறு, மறுமைக்காகக் கேட்பது வேறு.

மார்க்கம் அறிந்தவன் என்பதால் என் கையில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அல்லாஹ்வுக்குச் செய்த குறையை அவன் நினைத்தால் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் பொறுக்க வேண்டும். நீங்கள் மைக்கை அணைத்தது மனிதக் கணக்கு. அதன் சாவி என்னிடம். வாழ்நாளில் வேறு எந்த அதிகாரமும் வாய்க்காதவனுக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

நான் கை தூக்கிய செய்தி பெண்கள் பக்கம் போகாமல் இருக்குமா? அன்றே அக்காவுக்குப் போய்விட்டது. ஆனால் அவள் என்னிடம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவேன். டீ கொடுப்பாள். இம்ரானுக்குப் பெண் பார்ப்பது பற்றிப் பேசுவாள். சாப்பாடு போடுவாள். கிளம்பும்போது முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவள் இளைத்துப் போயிருந்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். "தொழுதுட்டுப் படுத்தா அவரு கனவுல வர்றாருடா."

"நல்லதுதானே அக்கா."

"எங்க நல்லது. நின்னுக்கிட்டே இருக்காரு. உக்காருங்கன்னா உக்கார மாட்டேங்கறாரு. அவரப் போயி நிக்க வச்சுட்டியேடா."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நடுக் கூட்டத்துல என் மைக்க நிறுத்துனாரு. உனக்கு அது சின்ன விசயமாத் தெரியுது."

"நான் சின்ன விசயம்னு சொன்னனா? தப்புதான். அவரு ஒரு தடவதான் நிறுத்துனாரு. நீ இன்னும் அந்த மைக்கப் புடிச்சுட்டே நிக்கறே. கை வலிக்கலியா?"

"எதுக்கு நிறுத்துனாருன்னு உங்கிட்டயாவது சொன்னாரா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எதுக்கு நிறுத்துவாரு? பசி."

"என்ன?"

"பசிடா. சுகர்காரரு. மத்தியானமே சரியாச் சாப்பிடல, விழா வேலயில. நேரம் தப்புனா கை காலெல்லாம் ஆடும் அவருக்கு. ஊரே மரியாதயா உக்காந்திருக்கும்போது முத்தவல்லி முதல்ல எந்திரிச்சுப் போயிச் சாப்பிட முடியுமா? நீ நிறுத்தற மாதிரி தெரியல. போயி நிறுத்திட்டாரு. வந்து எங்கிட்டயே சொன்னாரு, 'உன் தம்பி பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் கண்ணு இருட்டிருச்சு'ன்னு."

அப்படியா மச்சான்? நான் கட்டி வைத்திருந்த பொறாமை, பயம், பகை எல்லாம் வெறும் பசியா? அக்கா உங்களைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று அன்று நினைத்தேன். பசித்தவர் மைக்கை நிறுத்தலாம், கேலி எதற்குச் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. 'நல்லாத்தான் இருந்துச்சு' என்பதை என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்பதற்கும் இல்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு நேராகப் போக மனமில்லாமல் மண்டிக்குப் போனேன். ஏலம் முடிந்து, பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உங்கள் மண்டிக்கே எப்போதும் தக்காளி கொண்டுவரும் விவசாயி மாதப்பன், விற்ற கையோடு டீ குடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார்.

"சார், ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தனுங்க. அன்னிக்கி உங்க பள்ளிவாசல் விழாவுல பேசுனீங்களே, மீதி என்னங்க?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

"எதுத்த டீக்கடையிலதான் உக்காந்திருந்தேன், பஸ்ஸுக்கு. குழாய் ஸ்பீக்கர்ல கேட்டுது. ராஜாவோட சட்டத்துக்கும் அதே பேரு, மனுசன் நடத்தைக்கும் அதே பேருன்னு சொன்னீங்க. நாங்ககூட 'அவன் நடத்த சரியில்ல'ம்போம் பாருங்க, அதான்னு நெனச்சுக்கிட்டேன். நல்லாப் போயிட்டு இருந்துச்சு. உங்க பக்கத்து லைனுல கரண்டு போயிடுச்சு."

"கரண்டா?"

"ஆமாங்க. டக்குனு நின்னுபோச்சு. டீக்கடையில இருந்தவங்ககூட, 'சே, நல்ல நேரத்துல எடுத்துட்டானுங்களே'ன்னு கரண்டுக்காரனத் திட்டுனாங்க."

குழாய் நின்ற பிறகு நீங்கள் சொன்ன வார்த்தை கூடத்தைத் தாண்டவில்லை. அந்தச் சிரிப்பு தெருவுக்கு வரவே இல்லை. நான் தலை குனிந்து பஸ் ஏறியபோது, தெருவில் நின்றவர்கள் என்னைப் பார்த்தது கேலியாக இல்லை. மின்வாரியத்தின் மேல் கோபமாகப் பார்த்திருக்கிறார்கள். அவமானப்பட்டவனாக அந்தத் தெருவில் நான் நடந்தபோதெல்லாம், பாதிப் பேச்சு பாக்கி வைத்திருக்கிற சாராக அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறேன்.

மீதியைச் சொன்னேன். தக்காளி வாசனைக்கு நடுவே, கவிழ்த்த பெட்டியின்மேல் உட்கார்ந்து. நாலாவது பொருள், தீர்ப்பு. செய்ததற்கு ஈடு கொடுப்பது. கடன் என்பதற்கான அரபிச் சொல்கூட அதே வேரில் வந்ததுதான். ஒவ்வொரு தொழுகையிலும் நாங்கள் தீர்ப்பு நாளைத் தீன் நாள் என்றே பெயர் சொல்லி, அந்த நாளுக்கு உரிமைக்காரன் ஒருவனே என்று ஓதுகிறோம். பணிந்தாயா, எப்படி நடந்தாய், எந்தச் சட்டத்தை மதித்தாய் என்ற மூன்றும் அந்த நாலாவதில் போய்ச் சேரும். அதனால்தான் ஒரே சொல் இந்த நாலையும் தாங்குகிறது என்றேன்.

மாதப்பன் கவனமாகக் கேட்டார். "அன்னிக்கி நடுவுல ஆளு இருப்பாங்களா சார், இந்த மண்டி மாதிரி?"

"கிடையாது. நேரா உரிமைக்காரன்தான்."

"கமிசன்?"

"அதுவும் கிடையாது."

"அப்ப பாய் அங்க போயி என்னதான் பண்ணுவாரு?" என்றார் மாதப்பன். "கூவாம அவரால இருக்க முடியாதே. பாவம், சும்மா நிப்பாரு."

பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த இம்ரான் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். உங்களை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அக்கா கனவிலும் நீங்கள் நின்றுகொண்டுதானே இருந்தீர்கள்?

அந்த நாள் மிக நீளமானது என்று படித்திருக்கிறேன். வெயில் தலைக்கு அருகில் நிற்குமாம். மனிதக் கணக்குள்ளவர்கள், எதிராளி வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். இத்தனையும் தெரிந்த நான், கூட்டத்துக்குள் ஒரு சுகர்க்காரரை நிற்க வைத்திருக்கிறேன், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பசி தாங்காத மனிதரை. நேரம் தப்பினால் கண் இருட்டுகிறவரை.

வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"அக்கா, பொறுத்துக்கிட்டேன்."

"என்னத்த?"

"மைக்க."

திரும்பாமலே சொன்னாள். "சரியாச் சொல்லு. அவரு பேரச் சொல்லிச் சொல்லு."

சொன்னேன். பெயரைச் சொல்லி, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொண்டேன் என்று, ஜனாஸாவில் சொல்லியிருக்க வேண்டிய முறைப்படி. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் துடைத்தாள். பிறகு, "இந்த ஒரு வார்த்தைக்கு எத்தன பஸ்ஸு ஏறி வந்திருக்கறே. கையக் கழுவு. பிரியாணி ரெடி" என்றாள்.

மச்சான், அதை வேண்டுமென்றே சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்களோடு அத்தனை வருடம் வாழ்ந்தவள்.

இரண்டு தட்டு சாப்பிட்டேன். அன்று விட்டுவிட்டுப் போனதையும் சேர்த்து.

அதற்குப் பிறகு நீங்கள் கனவில் உட்கார்ந்தீர்களா என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. அவள் உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. ஹஜ்ரத்துக்கும் செய்தி போய்விட்டது. பாதியில் நின்ற பேச்சைக் கூடத்தில் முடித்துத் தரச் சொல்லி ஆள் அனுப்பினார். பேச்சு முடிந்துவிட்டது, மண்டியில் வைத்து முடித்துவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். மற்ற மனக்குறைகள் அப்படியே இருக்கின்றன. தலைமை ஆசிரியரை விடுவதாக இல்லை. ஆனால் அவற்றை எடுத்துத் துலக்க முன்போல நேரம் கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பாலக்கோட்டில் போய்விடுகிறது.

ஒன்று மட்டும் பதிவாக இருக்கட்டும். தீனுக்கு மார்க்கம் என்பது ஒரு பொருள்தான், முழுப் பொருள் இல்லை. அதில் நான் சொன்னதே சரி.

மற்றபடி வாக்குத் தருகிறேன். பெயர் கூப்பிடுகிற அந்த நாளில், உங்களைப் பற்றிக் கேட்கப்படும்போது, இந்த வலது கை எழாது. எனக்கும் ஆயிரம் கணக்கு இருக்கும், நான் வர நேரமாகும். நீங்கள் எனக்காக நிற்க வேண்டாம். முதலில் போய்ச் சாப்பிடுங்கள்.

உங்கள் மனைவியின் தம்பி,
உங்கள் வாயால் ப்ரொபசர் ஆன மச்சினன்